ஒரு கண்ணீரின் நதிமூலம்

சென்ற கோடை விடுமுறையில், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் அண்ணன் மகள், ஓரங்கள் மடங்கி, பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடுகள் விழுந்திருந்த நீல அட்டை நாவல் ஒன்றை என் கையில் கொடுத்து, "படிச்சுட்டு, எந்த எடத்துல அழுதீங்கன்னு மட்டும் சொல்லுங்க சித்தப்பா" என்றாள். அமெரிக்க எழுத்தாளர் ஜான் கிரீன் எழுதி 2012-ஆம் ஆண்டில் வெளிவந்து, உலகமெங்கும் இளைஞர்களின் தலையணையடியில் இடம்பிடித்து, 2014-இல் ஹாலிவுட் படமாகவும், 2020-இல் ஏ.ஆர். ரஹ்மானின் இசையோடு 'தில் பேச்சாரா' என்ற ஹிந்திப் படமாகவும் உருவெடுத்த 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' என்னும் அந்த நாவலை இரண்டே நாட்களில் படித்து முடித்தேன். ஓரிடத்திலும் கண்ணீர் வரவில்லை.

இண்டியானாபொலிஸ் நகரில், தைராய்டுப் புற்றுநோய் நுரையீரலுக்கும் பரவிவிட்டதால் பிராணவாயு உருளையை எங்கும் இழுத்துக்கொண்டு நடமாடும் 16 வயது ஹேஸல், எலும்புப் புற்றுநோய்க்கு ஒரு காலைப் பறிகொடுத்த 17 வயது அகஸ்டஸைச் சந்திப்பதும், தங்கள் மனத்தைக் கவர்ந்த ஒரு நூலின் ஆசிரியரைத் தேடி இருவரும் ஆம்ஸ்டர்டாம் வரை பிரயாணம் செய்வதும், பிழைத்துவிடுவான் என்று நாம் நம்பியிருந்த பையனே முந்திக்கொண்டு மறைவதும்தான் கதை. ஆசிரியருக்குத் திறமை இல்லையென்று சொல்ல மாட்டேன். அந்தப் பையன் கடைசி நாட்களில் படும் உடல் அவஸ்தையை அவர் மூடி மறைக்கவுமில்லை. ஆயினும், முதற்காதலுக்கே உரிய தடுமாற்றமும், சொல்ல வந்ததை விட்டு வேறெதையோ சொல்லிவிட்டுத் தூக்கமின்றிப் புரளும் வேதனையும் அந்த இருவரிடமும் எனக்குத் தென்படவில்லை. கல்லில் பொறிப்பதற்காகவே செதுக்கியவை போன்ற வாக்கியங்களை அவர்கள் தினந்தோறும் பேசிக்கொள்கிறார்கள். மரணம் வந்தபோதோ, முன்பே பழக்கமான ஒருவர் சொன்ன நேரத்துக்கு வந்து வாசற்படி ஏறியது போன்ற உணர்ச்சியே எனக்கு உண்டாயிற்று. அந்த விருந்தாளியை இதற்கு முன் எங்கே பார்த்தேன் என்ற கேள்வி என்னை விடவில்லை.

நதிமூலம், ரிஷிமூலம் விசாரிக்கலாகாது என்பது பெரியோர் வாக்கு. கண்ணீரின் மூலத்தை விசாரிப்பதற்கு அப்படியொரு தடை இருப்பதாகத் தெரியாததால் தேடத் தொடங்கினேன்.

முதலில் அகப்பட்டது நான் மாணவனாக இருந்த காலத்தில் கைமாறிக் கைமாறி வந்து சேர்ந்த எரிக் ஸீகலின் 'லவ் ஸ்டோரி'. யேல் சர்வகலாசாலையில் கிரேக்க, லத்தீன் இலக்கியங்களைப் போதித்துவந்த அந்தப் பேராசிரியர் கதையை முதலில் திரைக்கதையாகவே எழுதினார். பிறகு அது நாவலாகி, 1970 பிப்ரவரி 14-ஆம் தேதி, காதலர் தினத்தன்றே, புத்தகமாக வெளிவந்தது. படம் அவ்வாண்டின் இறுதியில் வந்தது. நாயகி 25 வயதில் இறந்துவிட்டாள் என்ற செய்தி முதல் வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது; நோயின் அசிங்கமும் அலுப்பும் ஏறக்குறைய ஒன்றுமே சொல்லப்படாமல், படுக்கையில் கிடப்பவளின் அழகு மாத்திரம் குன்றாமல் நிற்கிறது. வாசற்படி ஏறிய விருந்தாளியை நான் முதலில் சந்தித்தது இங்கேதான் என்று தெளிந்தேன்; ஆனால் அவருடைய சொந்த ஊர் இதுவன்று என்பதும் உடனே விளங்கிற்று.

அங்கிருந்து பின்னோக்கிச் சென்ற வழி பாரிஸ் நகரில் போய் நின்றது. 'மூன்று மஸ்கட்டியர்கள்' எழுதிய அலெக்ஸாந்தர் தூமாவின் மகன், தந்தையின் பெயரையே தாங்கியவர், 1848-இல் வெளியிட்ட 'கமேலியாப் பூச் சீமாட்டி' என்னும் நாவலில், காதலனுடைய குடும்ப கௌரவத்துக்காகத் தன் காதலைத் தியாகம் செய்த மார்கரீத், அவன் வருகையை எதிர்பார்த்தபடியே க்ஷயரோகத்தில், அதாவது காசநோயில், உருகி மடிகிறாள். அடுத்த சில ஆண்டுகளில் அது நாடகமாயிற்று; 1853-இல் வெனிஸ் நகரில் வெர்தியின் 'லா திராவியாத்தா' என்ற இசை நாடகமாகிப் பிறகு உலக மேடைகளையெல்லாம் ஆட்கொண்டது. மார்கரீத்துக்கு மூலமானவள் நார்மண்டியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பாரிஸில் செல்வந்தர்களின் ஆசைநாயகியாக வாழ்ந்து, 1847 பிப்ரவரி 3-ஆம் தேதி 23-ஆம் வயதில் க்ஷயத்தால் இறந்த மரீ துப்ளெஸி.

இந்த விருத்தாந்தத்தில் ஒரு செய்தி என்னைத் திடுக்கிட வைத்தது. மரீக்கும் தூமாவுக்கும் இடையே இருந்த உறவு, பணத்துக்கும் மனத்துக்கும் கட்டுப்படியாகாமல், 1845-லேயே அவர் எழுதிய ஒரு கடிதத்தோடு முடிந்துபோயிற்று. அவள் இரத்தம் கக்கிக்கொண்டிருந்த கடைசி மாதங்களில் அவர் தம் தந்தையோடு ஸ்பெயினிலும் வட ஆப்பிரிக்காவிலும் யாத்திரை செய்துகொண்டிருந்தார். திரும்பி வந்தபோது அவள் மண்ணுக்குள் போயிருந்தாள். வீட்டுச் சாமான்கள் கடனுக்காக ஏலத்துக்கு வந்தன. பிற்காலத்துக் காதற் கதைகள் எத்தனையோ சுவீகரித்துக்கொண்ட அந்தப் புனிதமான மரணப்படுக்கையை எழுதியவர், உண்மையான படுக்கையின் அருகில் ஒரு நாளும் உட்காராதவர்! அவள் இருமலைத் துடைத்தவர்களும், இரவில் விழித்திருந்தவர்களும் நாவல் எழுதவில்லை.

க்ஷயரோகம் எப்படி அழகாயிற்று என்பதும் அதன்பின் விளங்கிற்று. மெலிந்த தேகம், ஜுரத்தால் சிவந்த கன்னம், பளபளக்கும் கண்கள் ஆகிய நோயின் அடையாளங்களையே அக்காலத்து ஐரோப்பா நுண்ணுணர்வின் லட்சணங்களாகக் கொண்டாடியது. 1882 மார்ச் 24-ஆம் தேதி பெர்லினில் ராபர்ட் காக், இந்நோய்க்குக் காரணம் ஒரு கிருமியே என்று நிரூபித்தார். 1943-இல் ஸ்டிரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டு, நோய்க்கு மருந்தும் கிடைத்தது. அதற்குப் பிறகு காதற் கதைகளில் க்ஷயம் விட்டுச்சென்ற ஆசனத்தில் இரத்தப் புற்றுநோயும் மற்றப் புற்றுநோய்களும் வந்து அமர்ந்தன. தாமே புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஸூசன் ஸோன்டாக், நோய்களின்மீது போர்த்தப்படும் இத்தகைய உருவகங்கள் நோயாளிக்குத் தீங்கே செய்கின்றன என்று 1978-இல் ஒரு நூலே எழுதினார்.

இந்தத் தேடல் எதிர்பாராத விதமாக நம் சென்னைச் சேத்துப்பட்டுக்கும் என்னை அழைத்து வந்தது. 1956-இல் அங்கே தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம், சானடோரியத்தில் ஓய்வோடும் நல்ல உணவோடும் சிகிச்சை பெற்றவர்களையும், நெருக்கமான ஏழை வீடுகளில் இருந்தபடியே மருந்து உட்கொண்டவர்களையும் ஒப்பிட்டு, ஓராண்டு சிகிச்சையில் வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அவ்வளவே குணமடைந்தார்கள் என்று 1959-இல் உலகுக்கு அறிவித்தது. மாத்திரை சாப்பிட்டாயிற்றா என்று தினமும் கேட்ட மனைவியும், நடக்க முடியாதவரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்த தம்பியும் எந்த நாவலிலும் இடம்பெறவில்லை. ஆயினும் காதலென்றும் அன்பென்றும் நாம் சொல்லும் வஸ்து அந்த வீடுகளில் ஒரு வருஷம் முழுவதும் கண்விழித்திருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இத்தனைக்கும் பிறகு ஜான் கிரீனின் நாவலை மறுபடியும் எடுத்தேன். பாதிரியாராகும் எண்ணத்தோடு இளவயதில் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றில் சில மாதங்கள் நோயாளிகளுக்கும் பெற்றோர்க்கும் ஆறுதல் சொல்லும் பணியில் அவர் இருந்தார் என்பதையும், 2010-இல் 16-ஆம் வயதில் தைராய்டுப் புற்றுநோயால் மறைந்த எஸ்தர் ஏர்ல் என்ற பெண்ணுக்கே இந்நூலைச் சமர்ப்பித்திருக்கிறார் என்பதையும் அறிந்தபோது, தூமாவைப் போலன்றி இவர் படுக்கையருகே உட்கார்ந்தவர் என்று எனக்குப் புரிந்தது. பின்னாளில் சியரா லியோன் நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் காசநோயுற்ற ஒரு சிறுவனைச் சந்தித்து, 2025-இல் காசநோயைப் பற்றியே ஒரு நூல் எழுதினார் என்ற செய்தி, நான் நடந்த பாதையில் அவரும் நடந்திருக்கிறார் என்ற ஆனந்தத்தை அளித்தது.

படுக்கையருகே உட்கார்ந்தவரின் சுவடு நாவலில் எங்கேயாவது இருந்தே தீரும் என்று இம்முறை தேடிப் படித்தேன். காதலர் பேச்சில் அது இல்லை. ஹேஸலின் தாயிடம் இருந்தது. மகள் பிழைக்கமாட்டாள் என்று தோன்றிய ஓர் இரவில், இனி நான் தாயாக இருக்கமாட்டேனே என்று கதறியவள் அவள். அந்தச் சொல்லை மகள் காதில் வாங்கி வருஷக்கணக்காகச் சுமக்கிறாள். அந்தத் தாய் இப்போது, தன் மகளைப் போன்ற பிள்ளைகளின் குடும்பங்களுக்கு உதவும்பொருட்டுச் சமூகப்பணிப் பட்டத்துக்கு ரகசியமாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். மகள் இல்லாத உலகத்துக்குத் தான் ஆயத்தம் செய்வதாக மகள் நினைத்துவிடக் கூடாதே என்று மறைத்தும் வைக்கிறாள். உண்மை வெளிப்படும்போது மகள் மகிழ்ச்சியால் அழுகிறாள். அந்தப் பக்கத்தில் என் கண்களும் நனைந்தன.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த இடத்தைச் சொன்னேன். அண்ணன் மகள் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள். பென்சில் கோடுகள் நிறைந்த அந்தப் புத்தகத்தில் அந்தப் பக்கம் மட்டும் வெறுமையாக இருந்தது. "இதை நான் வேகமாத் தாண்டிட்டேன் சித்தப்பா" என்றாள். பிறகு அங்கேயே, கூடத்துத் திண்டில் சாய்ந்தபடி, அதை மறுபடியும் முதலிலிருந்து படிக்கத் தொடங்கினாள். உள்ளே அவள் தாய் சாப்பிடக் கூப்பிட்ட குரல் கேட்டதும், விரலைப் பக்கத்தினூடே வைத்து நூலை மூடிக்கொண்டு, முதல் அழைப்பிலேயே எழுந்து போனாள்.