கப்பலைப் பெருக்குவது யார்?

"கதை என்றால் கதையாக இருக்க வேண்டும். அதற்குள் அரசியலைக் கொண்டு வந்து திணிப்பானேன்?"

இந்த வாக்கியத்தை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கு வைத்திருக்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேலாகப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் பாடம் சொல்லிக் கொடுப்பவன் நான். எந்தக் கதையை எடுத்தாலும் கடைசி பெஞ்சியிலிருந்து ஒரு கை உயரும். "ஸார்! இது நம் ஊர் முனிஸிபல் தேர்தல் மாதிரி இருக்கிறதே!" என்று ஒரு குரல் வரும். உடனே நான் மேற்படி வாக்கியத்தைச் சொல்லி, உயர்ந்த கையைக் கீழே இறக்கி விடுவேன். சென்ற வருஷம் வரையில் இந்தத் திருப்பணி குறைவின்றி நடந்து வந்தது. அதற்கு எப்படிப் பங்கம் நேர்ந்தது என்று சொல்வதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் வாசகர்களை அமெரிக்காவுக்கும், அங்கிருந்து ஆகாசத்துக்கும் அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. சிரமத்தைப் பொறுத்துக் கொள்ள வேண்டும்.

"ஸ்டார் டிரெக்" என்பது டெலிவிஷனில் வந்த ஒரு விஞ்ஞானத் தொடர்கதை. ஜீன் ராடன்பெரி என்பவருடைய கற்பனையில் உதித்தது. 1966-ம் வருஷம் செப்டம்பர் 8-ந் தேதி அமெரிக்காவில் முதன் முதலாக ஒளிபரப்பாயிற்று. "என்டர்பிரைஸ்" என்று ஓர் ஆகாசக் கப்பல். அதற்கு கிர்க் என்று ஒரு காப்டன். அவருக்கு உற்ற துணையாக, காது கூர்மையாகவும் உணர்ச்சி மட்டாகவும் அமைந்த ஸ்பாக் என்னும் உத்தியோகஸ்தர். இவர்கள் நட்சத்திர மண்டலங்களில் சஞ்சரித்துப் புதுப் புது உலகங்களைக் காண்கிறார்கள், கதை இவ்வளவுதான். 79 அத்தியாயங்களுடன் 1969-ல் முதல் தொடர் முடிந்து விட்டது. ஆனால் ஆலமரத்தில் விழுது இறங்குவது போல் அதிலிருந்து வேறு தொடர்களும் சினிமாப் படங்களும் இறங்கிக் கொண்டே வந்திருக்கின்றன. நான் பார்த்து மயங்கியது 1987-ல் தொடங்கிய தொடர். அதன் காப்டன் பிகார்ட் என்பவர் வழுக்கைத் தலையர், புஸ்தகம் படிப்பவர், சண்டைக்கு முன்னால் சமாதானம் பேசிப் பார்ப்பவர். கல்லூரி விடுதியில் என் அறை நண்பர் கிர்க் கட்சி, நான் பிகார்ட் கட்சி. பரீட்சைக்கு முதல் நாள் இரவு கூட எங்கள் வழக்கு ஓய்ந்ததில்லை.

எங்கள் வழக்கு அமெரிக்காவிலுள்ள அபிமானிகளின் வழக்குக்கு உறை போடக் காணாது. 1967-ம் வருஷக் கடைசியில், தொடரை நிறுத்தி விடப் போகிறார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பிற்று. டிரிம்பிள் தம்பதிகள் என்ற இருவர் முன்னின்று அபிமானிகளைத் திரட்டினார்கள். லட்சத்துக்கு மேற்பட்ட கடிதங்கள் கம்பெனிக்குப் போய்க் குவிந்தன. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர்கள் ஊர்வலமே நடத்தினார்கள். 1968 மார்ச் 1-ந் தேதி, தொடர் நீடிக்கும் என்று டெலிவிஷனிலேயே அறிவிக்கும்படி ஆயிற்று. கடிதம் எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? கம்பெனிக்கு எழுதியது போக, ஒருவரோடொருவர் வாதாடி எழுதத் தொடங்கினார்கள். 1967-லேயே "ஸ்பாக்கனாலியா" என்று அபிமானிகள் தாங்களே ஒரு பத்திரிகை வெளியிட்டிருந்தார்கள். 1972 ஜனவரியில் நியூயார்க்கில் பெரிய மகாநாடு கூடிற்று. பத்திரிகையும் மகாநாடும் வந்து விட்டால் கட்சிகள் வருவதற்குக் கேட்பானேன்?

கட்சிகள் பல இருந்தாலும் அடிப்படையான வழக்கு ஒன்றே. "எங்கள் ஆகாசக் கப்பலில் அரசியல் வேண்டாம்" என்பது முதற் கட்சி. "அது பிறந்ததே அரசியலில்தான்" என்பது இரண்டாவது கட்சி.

இரண்டாவது கட்சியாருக்கு சாட்சியத்துக்குக் குறைவில்லை. கறுப்பு இனத்தவர்களின் உரிமைப் போர் நடந்து கொண்டிருந்த காலத்தில், கப்பலின் மேல்தட்டில் உஹூரா என்ற கறுப்பு மாது உத்தியோகஸ்தராக உட்கார்ந்திருந்தார். அந்த வேஷத்தில் நடித்த நிஷெல் நிக்கல்ஸ் ஒரு வருஷத்துக்குப் பின் விலகி விட எண்ணியபோது, போகக் கூடாது என்று தடுத்தவர் மார்ட்டின் லூதர் கிங் என்று அந்த அம்மையாரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். சுலு என்ற பாத்திரமாக நடித்த ஜார்ஜ் டக்கே ஜப்பானிய வம்சத்தில் பிறந்த அமெரிக்கர். இரண்டாவது உலக யுத்தத்தின் போது, ஐந்து வயதில், அமெரிக்க சர்க்காரால் குடும்பத்தோடு முள்வேலி முகாமில் அடைக்கப்பட்டவர். ருஷ்யாவோடு மனஸ்தாபம் முற்றியிருந்த 1967-ல், செக்காவ் என்ற ருஷ்ய வாலிபனும் கப்பலில் ஏறிக் கொண்டான்.

நம் பாரத தேசத்தவர் ஒருவரும் இல்லையா என்று நேயர்கள் ஏங்க வேண்டாம். 1967 பிப்ரவரியில் கான் நூனியன் சிங் என்பவர் வந்து சேர்ந்தார், ஆனால் வில்லனாக! வேஷம் போட்டவர் மெக்ஸிகோவில் பிறந்த ரிக்கார்டோ மான்டல்பான். 2013-ல் வந்த படத்தில் அதே வேஷத்தை ஓர் ஆங்கிலேய நடிகருக்குக் கொடுத்தார்கள். இந்தியப் பாத்திரத்துக்கு இந்தியர் கிடைக்கவில்லையா என்று அபிமானிகள் பெரிய ரகளை செய்தார்கள்.

வியட்நாம் யுத்தம் உச்சத்திலிருந்த 1968 பிப்ரவரியில் ஓர் அத்தியாயம் வந்தது. ஒரு கிரகத்தில் இரண்டு கூட்டத்தார். ஒரு கூட்டத்துக்கு எதிரிகள் துப்பாக்கி கொடுக்கிறார்கள். சமநிலைக்காக மற்றக் கூட்டத்துக்குக் கிர்க் துப்பாக்கி கொடுக்கிறார். கொடுத்து விட்டு மனம் கசந்து போகிறார். அது யுத்தத்தை ஆதரித்த கதையா, கண்டித்த கதையா என்பது இன்னும் தீராத வழக்கு. அதே வருஷம் ஜூன் மாதத்து "காலக்ஸி" பத்திரிகையில் விஞ்ஞானக் கதாசிரியர்கள் இரண்டு விளம்பரங்கள் வெளியிட்டார்கள். யுத்தம் வேண்டும் என்று ஒன்று, வேண்டாம் என்று ஒன்று. ஹைன்லைன் முதலாவதில் கையெழுத்திட்டார். ஐசக் அசிமோவும் ராடன்பெரியும் இரண்டாவதில்.

இனி, அபிமானிகள் ஓயாமல் மோதிக் கொள்ளும் தலையாய சட்டம் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்னேறாத உலகங்களின் காரியத்தில் கப்பலார் தலையிடக் கூடாது என்பது அந்தச் சட்டம். "உங்களுக்கு நாகரிகம் கற்பிக்க வந்தோம்" என்று சொல்லி வந்தவர்களிடம் இரு நூறு வருஷம் பாடம் கேட்ட நமக்கு, இந்தச் சட்டம் அமிர்தமாக இனிக்கிறது. ஆனால் மறு கட்சியையும் கேட்க வேண்டும் அல்லவா? 1994 ஜனவரியில் வந்த ஓர் அத்தியாயத்தில், ஒரு கிரகமே அழிகிறது. காப்பாற்றக் கூடிய பிகார்ட் சட்டத்தைச் சொல்லிப் பார்த்துக் கொண்டிருக்கிறார். மருந்துப் பெட்டியைக் கையில் வைத்துக் கொண்டு, "தலையிட மாட்டேன்" என்று வாசலில் நிற்கும் வைத்தியனை என்னவென்று சொல்வது? அதைப் பார்த்த அன்று பிகார்ட் கட்சிக்காரனான எனக்கே வாய் அடைத்துப் போயிற்று.

1993-ல் தொடங்கிய வேறொரு தொடர் வழக்கை இன்னும் முற்ற வைத்தது. அதில் கீரா என்ற மாது, அன்னியர் பிடியிலிருந்து தன் கிரகத்தை விடுவிக்கக் குண்டு வைத்துப் போராடியவள். ஆண்டவர்கள் அவளைப் பயங்கரவாதி என்றார்கள். அவளுடைய ஜனங்கள் தேசபக்தை என்றார்கள். 1998 ஏப்ரலில் வந்த அத்தியாயத்தில் காப்டன் ஸிஸ்கோ ஒரு பெரும் பொய்யின் மூலம் நடுநிலையிலிருந்த சாம்ராஜ்யம் ஒன்றை யுத்தத்தில் இழுத்து விடுகிறார். யுத்தத்தில் ஜயிக்கப் பொய் சொல்லலாமா? "அசுவத்தாமன் இறந்தான்" என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது புதிய கேள்வி அல்ல. அமெரிக்க அபிமானிகளுக்கோ அது பெரும் பிளவாகி விட்டது.

2015-ல் வேடிக்கை ஒன்று நடந்தது. டெட் க்ரூஸ் என்ற குடியரசுக் கட்சி அரசியல்வாதி, கிர்க் தம்முடைய கட்சியைச் சேர்ந்தவராகத்தான் இருப்பார், பிகார்ட் எதிர்க் கட்சி என்று அபிப்பிராயம் சொன்னார். கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னர், இந்தக் கதையில் அரசியலே இல்லை என்று பதில் சொல்லி விட்டார்! 2017-ல் கறுப்பு மாது ஒருவரைக் கதாநாயகியாகக் கொண்ட தொடர் வந்தபோதும், 2022-ல் அதே தொடரில் ஸ்டேசி ஆப்ரம்ஸ் என்ற நிஜ அரசியல்வாதி பூமியின் ஜனாதிபதி வேஷத்தில் தோன்றியபோதும், "கதையைக் கெடுத்து விட்டார்கள்" என்று முதற் கட்சியார் கூக்குரலிட்டார்கள்.

முதற் கட்சியார் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. பிரசங்கம் மிஞ்சினால் கதை செத்துப் போகும். ஆனால் அவர்களுடைய வாதங்களை வருஷக் கணக்காகப் படித்ததில் ஒன்று எனக்குப் புலனாயிற்று. தமக்குச் சம்மதமான அரசியல் கதைக்குள் இருந்தால், அதற்கு அவர்கள் வைக்கும் பெயர் "கதை"; சம்மதமில்லாதது இருந்தால்தான் "அரசியல்". இதைக் கண்டுபிடித்த பெருமையில் நான் அவர்களைப் பார்த்துச் சிரித்துக் கொண்டிருந்தேன்.

நிற்க. சென்ற வருஷம் ஒரு சனிக்கிழமையன்று, எங்கள் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் மன்றத்தில், 1989 பிப்ரவரியில் வந்த ஓர் அத்தியாயத்தைப் பையன்களுக்குப் போட்டுக் காட்டினேன். அதில் டேட்டா என்ற இயந்திர மனிதன் கப்பலின் உத்தியோகஸ்தன். அவனைக் கழற்றிப் பார்த்து, அவனைப் போல் ஆயிரக்கணக்கில் செய்து கொள்ள ஒரு விஞ்ஞானி விரும்புகிறார். அவன் ஓர் ஆளா, அல்லது சொத்தா என்று விசாரணை நடக்கிறது. பிகார்ட் அவனுக்காக வாதாடி ஜயிக்கிறார். முடிந்ததும் நான் பரவசத்துடன் அந்த எதிர்கால உலகத்தை வர்ணித்தேன். அங்கே பணம் கிடையாது, பசி கிடையாது, உயர்வு தாழ்வு கிடையாது, ஒவ்வொருவரும் தம்மை மேம்படுத்திக் கொள்ளவே உழைக்கிறார்கள் என்றேன்.

கடைசி பெஞ்சியிலிருந்து ஒரு கை உயர்ந்தது. ஒன்பதாம் வகுப்புப் பையன், அதிகம் பேசாதவன்.

"ஸார், அந்தக் கப்பலைப் பெருக்குவது யார்?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். "அதற்கெல்லாம் இயந்திரம் இருக்கும், அப்பா" என்றேன்.

"அந்த இயந்திரமும் டேட்டா மாதிரி ஓர் ஆள் என்றால், ஸார்?"

எனக்குப் பதில் தோன்றவில்லை. பதில் தோன்றாத உபாத்தியாயர்கள் செய்வதை நானும் செய்தேன். "கதையைக் கதையாகப் பார். அதற்குள் அரசியலைக் கொண்டு வராதே" என்று சொல்லிக் கையைக் கீழே இறக்கினேன். பையன் உட்கார்ந்தான். அவனுடைய தகப்பனார் நகரசபையில் துப்புரவு வேலை பார்ப்பவர் என்பது எனக்குத் தெரியும். அந்த நிமிஷத்தில் அது என் நினைவுக்கு வரவில்லை என்று சொல்லிக் கொள்ளலாம். ஆனால் வந்தது, வந்த பிறகுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

இரவு தூக்கம் வரவில்லை. எழுந்து அதே அத்தியாயத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். பத்துத் தடவைக்குக் குறையாமல் நான் பார்த்திருந்த அத்தியாயம் அது. நடுவில், தோல்வி மனப்பான்மையோடு வரும் பிகார்டிடம் கைனன் என்ற மாது பேசுகிறாள்; வேஷம் போட்டவர் வூப்பி கோல்ட்பர்க் என்ற கறுப்பு நடிகை. எல்லா உலகங்களிலும், மற்றவர்கள் செய்ய மறுக்கும் அசுத்தமான வேலையைச் செய்வதற்கென்று, வேண்டாதபோது தூக்கி எறிவதற்கென்று, ஒரு வர்க்கம் எப்போதும் இருந்து வந்திருக்கிறது என்று அவள் நினைவூட்டுகிறாள். ஆயிரம் டேட்டாக்களைச் செய்தால் அப்படி ஒரு வர்க்கத்தைத்தான் செய்கிறோம் என்று பிகார்டுக்கு உறைக்கிறது. அதற்குப் பெயர் அடிமைத்தனம். அந்த ஒரு பேச்சினால்தான் அவர் வழக்கில் ஜயிக்கிறார்.

அந்தப் பையன் கதைக்குள் எதையும் கொண்டு வரவில்லை. கதையின் உயிர்நிலை எதுவோ அதை ஒரே தடவையில் கண்டுகொண்டு, அதையே கேட்டிருக்கிறான். பத்துத் தடவை பார்த்த நான் பிகார்டின் வாக்கு வன்மையில் மயங்கி அதைத் தவற விட்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை வகுப்பில் இதைச் சொன்னேன்; சனிக்கிழமை நான் சொன்னது பிசகு என்றும் சொன்னேன். பிறகு, இந்தக் கேள்வி அந்தக் கதையிலேயே மறுபடி மறுபடி வந்திருப்பதை எடுத்துச் சொன்னேன். 2001 ஏப்ரலில் வந்த அத்தியாயத்தின் முடிவில், வைத்தியம் செய்வதற்காக உண்டாக்கப்பட்ட ஒளி மனிதர்கள், வழக்கொழிந்து போனதும், சுரங்கத்தில் வேலைக்கு விடப்பட்டிருக்கிறார்கள். 2020-ல் தொடங்கிய தொடரிலோ, செவ்வாய்க் கிரகத்துக் கப்பல் பட்டறையில் டேட்டாவின் சாயலான இயந்திர மனிதர்கள் கூலியின்றி உழைக்கிறார்கள். உடன் வேலை செய்பவர்களின் ஏளனத்துக்கும் ஆளாகிறார்கள். பிகார்ட் ஜயித்த வழக்கு அவ்வளவுதான் பலித்தது.

பையன் எழுந்து நின்றான். "அப்படியானால் அவர்களுக்கும் இன்னும் பதில் தெரியவில்லையா, ஸார்?"

"தெரியவில்லை, அப்பா."

"சரி, ஸார்" என்று உட்கார்ந்து கொண்டான். அவனுக்கு அது ஆறுதலாக இருந்ததா, ஏமாற்றமாக இருந்ததா என்று முகத்தில் எனக்கு விளங்கவில்லை.

அன்று முதல் அந்தப் பழைய வாக்கியத்தை வகுப்பில் நான் சொல்வதில்லை. கடைசி பெஞ்சியிலிருந்து கை உயர்ந்தால் உயர்ந்தபடியே இருக்கிறது. அதனால் பாடம் இரண்டு வாரம் பின்தங்கி விட்டது. தலைமை உபாத்தியாயர் காரணம் கேட்டிருக்கிறார். இன்னும் பதில் எழுதவில்லை.