நாகையிலிருந்து காங்கேசன்துறைக்கு

கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் குடியேறிவிட்ட நம் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் படகு என்றால் அல்சூர் ஏரியில் மிதப்பதுதான். ஆதலால், 2025ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குக் கப்பலில் செல்வதென்று முடிவு செய்தபோது வீடே ஆரவாரித்தது. எழுபத்தேழு வயதான என் தந்தையார் மட்டும் வாய் திறக்கவில்லை. ஆனால், தம் கடவுச்சீட்டை அன்றிரவே தேடி எடுத்து வைத்தார்.

அவர் மௌனத்திற்குக் காரணம் இருந்தது. என் பாட்டனார் கொழும்பில் கடை வைத்திருந்தவர். ‘போட் மெயில்’ என்று முதியோர் இன்றும் வாஞ்சையோடு சொல்லும் அந்தத் தடத்தில் சிறுவயதில் பலமுறை சென்றவர் என் தந்தையார். தனுஷ்கோடி வரை ரயில். அங்கிருந்து தலைமன்னார் வரை இர்வின் அல்லது கோஷன் என்னும் நீராவிக் கப்பல். பிறகு மீண்டும் ரயில். 1914இல் தொடங்கிய அந்த ஏற்பாட்டில் கடல்வழி ஏறத்தாழ 35 கிலோமீட்டர்தான். 1961இல் அவருடைய அக்காளைச் சுன்னாகத்தில் மணமுடித்துக் கொடுத்ததும் அந்தக் கப்பலை நம்பித்தான். ஆடிக்கும் தீபாவளிக்கும் பெண் வந்து போகலாம் என்ற துணிவு!

1964ஆம் ஆண்டு அந்தத் துணிவைக் குலைத்தது. அக்டோபர் 30இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று தீர்மானித்தார்கள், அவர்களைக் கேட்காமலே. டிசம்பர் 22 இரவில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடிய ‘இராமானுஜம்’ கப்பலில், பெட்டியும் பாத்திரமுமாய்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வந்திறங்கின. போட் மெயிலைப் பற்றி எழுதுவோர் சிற்றுண்டியையும் நிலவொளியையும் எழுதுகிறார்கள், இவர்களையும் எழுதலாம். 1980களில் போர் மூண்டபின் அக்கப்பலும் நின்றது. அத்தை 1991இல் மறைந்தார். செய்தி நாற்பது நாள் கழித்துக் கடிதமாக வந்தது. தந்தையார் குழாயடியில் தலை முழுகிவிட்டு அலுவலகம் சென்றார்.

2023 அக்டோபர் 14இல் நாகை–காங்கேசன்துறைக் கப்பல் தொடங்கி, மழைக்காலம் நெருங்கியதும் சில நாட்களிலேயே நின்றது. 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்னும் கப்பலோடு மீண்டது. வடகிழக்குப் பருவக்காற்று எழுந்துவிட்டால் இந்த நீரிணை எவரையும் மதிப்பதில்லை. நாங்கள் சென்ற நாளிலோ குளம்போல் கிடந்தது. சுமார் 110 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். பிள்ளைகள் முதல் அரை மணியில் சன்னலோரத்திற்குச் சண்டையிட்டு, அடுத்த அரை மணியில் உறங்கிப் போனார்கள். கோடியக்கரையைக் கடந்தபின் வலப்புறம் நீரன்றி வேறில்லை. 18ஆம் நூற்றாண்டில் சென்னைக் கவர்னராயிருந்த ராபர்ட் பாக்கின் பெயரைத் தாங்கியது இந்நீர். சோழர் கலம் செலுத்திய வழிக்கு அவர் பெயர் நிலைத்தது விந்தைதான்.

தந்தையார் உறங்கவில்லை. “தலைமன்னார் எந்தப் பக்கம் தம்பி?” என்று கப்பல் ஊழியர் ஒருவரைக் கேட்டார். அவர் தென்மேற்கே கை காட்டினார். “எங்கள் கடல் இதில் மூன்றில் ஒரு பங்குதான். அதற்குள் அப்பா இரண்டு முறை காப்பி வாங்கித் தருவார்” என்றார் தந்தையார். கரை தெரியும் வரை வேறெதுவும் பேசவில்லை.

காங்கேசன்துறையில் குடிவரவுப் படிவத்தைத் தாமே நிரப்பினார். வருகையின் நோக்கம் என்ற இடத்தில், நடுங்கும் கையால், ‘உறவினரைக் காண’ என்று எழுதினார். வெளியே அறுபது வயதை எட்டிய ஒரு பெண்மணி, “வாங்கோ மாமா” என்று கைகளைப் பற்றிக்கொண்டார். புகைப்படத்தில் கண்ட அத்தையின் நெற்றியும் மூக்கும் அப்படியே இருந்தன.

அன்று மாலை, சுன்னாகத்து வீட்டுக் கிணற்றடியில் தந்தையார் மறுபடியும் தலை முழுகினார். வாளி வாளியாக அவரே இறைத்துக்கொண்டார். எவரையும் அருகில் விடவில்லை. ஈரத்தோடு வந்தவருக்குத் துண்டை நீட்டினார் அக்காள் மகள்.