எஸ்டி கார்டு இல்லாத ‘எஸ்டிகார்டு’

கார்டு செருகும் துளையே இல்லாத ஆண்ட்ராய்டு போன். ஆனால் கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி ஷெல்லுக்குள் போனால் ‘எஸ்டிகார்டு’ என்றொரு ஃபோல்டர் இருக்கிறது. டெஸ்டிங் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் முதலில் குழம்புகிறார்கள். அது வெறும் குறுக்குவழி. பின்தொடர்ந்தால் ஸ்டோரேஜ், எமுலேட்டட், 0 என்ற பாதையில் போய்ச் சேரும். கோப்புகள் உண்மையில் கிடப்பது டேட்டா பார்ட்டிஷனில், மீடியா ஃபோல்டருக்குள். ஆகவே வீடியோக்களைப் போட்டு ‘எஸ்டிகார்டை’ நிரப்பினால் ஆப்களுக்கான இடமும் தீர்ந்துபோகும். இடமில்லாதபோது ஆப் என்ன செய்கிறது என்று பார்க்க இதுவே நல்ல வழி.

•

அந்த 0, பயனரின் எண். அலுவலகத்துக்கென ஒர்க் புரொஃபைல் வைத்திருப்பவரின் போனில் அந்தப் பக்கத்துக்கு வேறு எண், பெரும்பாலும் 10. பாதையைக் கோடில் அப்படியே எழுதிவைத்த ஆப் அங்கே திணறும்.

•

பலர் கவனிக்காத ஒன்று: எமுலேட்டட் ஸ்டோரேஜ் கோப்புப் பெயர்களில் ஆங்கிலத்தின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்ப்பதில்லை. ஆப்பின் உள் ஸ்டோரேஜ் பார்க்கும். அங்கே இரண்டு கோப்புகளாக இருந்தவை இங்கே நகலெடுத்ததும் ஒன்றன்மேல் ஒன்று எழுதப்பட்டு, ஒன்று காணாமல் போகும். பேக்கப் எடுக்கும் ஆப்பாக இருந்தால் கட்டாயம் இதைச் சோதியுங்கள்.

•

உள் ஸ்டோரேஜை எட்டிப் பார்க்க ‘ரன்-ஆஸ்’ கட்டளை உண்டு. டீபக் பில்டுக்கு மட்டும். எமுலேட்டரில் கூகுள் ஏபிஐ இமேஜ் என்றால் ‘ஏடிபி ரூட்’ கிடைக்கும். பிளே ஸ்டோர் உள்ள இமேஜில் கிடைக்காது.

•

ரூட் கையில் இருந்தால் எல்லாம் தெரியும். ஆபத்தே அதுதான்: நமக்குத் தெரிவதெல்லாம் ஆப்புக்குத் தெரியாது. 2019இல் ஆண்ட்ராய்டு 10, பொது ஸ்டோரேஜில் ஆப் எதைத் தொடலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் ஸ்கோப்டு ஸ்டோரேஜைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு 11 வந்தபோது, அந்தப் பதிப்பைக் குறிவைத்துக் கட்டும் ஆப்களுக்கு அது கட்டாயமானது. ஏடிபி புஷ் மூலம் டவுன்லோட் ஃபோல்டரில் ஒரு பிடிஎஃப் வைக்கிறோம் என்று கொள்ளுங்கள். ஷெல்லில் பட்டியலிட்டால் கண்முன்னே இருக்கிறது. ஆப்புக்கோ அதைப் பாதை வழியாகத் திறக்க உரிமையில்லை, பயனர் ஃபைல் பிக்கரில் தொட்டுக் கொடுக்க வேண்டும். அவசரத்தில் சிலர் அதே கோப்பை ஆப்பின் சொந்த ஃபோல்டருக்குள் வைத்து டெஸ்டைப் பாஸ் ஆக்கிவிடுகிறார்கள். பயனரின் பில்லோ மார்க் ஷீட்டோ ஒருபோதும் அந்த ஃபோல்டரில் இருக்கப்போவதில்லை. இப்படிப் பாஸான டெஸ்ட் ஃபெயிலான டெஸ்டைவிட மோசம். ஃபெயிலானால் யாராவது போய்ப் பார்ப்பார்கள்.

புஷ் செய்த படம் கேலரியில் தெரியவில்லையா? மீடியாஸ்டோர் இன்னும் ஸ்கேன் செய்யாமல் இருக்கலாம். ஆப்பில் பக் என்று எழுதும் முன் இதைப் பாருங்கள்.

•

டெஸ்ட் விழுந்த நொடியின் ஸ்கிரீன்ஷாட்டை ஆண்ட்ராய்டு/டேட்டாவுக்குள் இருக்கும் ஆப்பின் ஃபோல்டரில் சேமிப்பது வழக்கம். டெஸ்ட் முடிந்ததும் பில்டு கருவியான கிரேடில் ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தால் ஃபோல்டரும் கூடவே போய்விடும். டெஸ்ட்களைத் தனித்தனியாக ஓட்டும் ஆர்கெஸ்ட்ரேட்டரில் டேட்டாவைத் துடைக்கும் வசதியைப் போட்டிருந்தால் ஒவ்வொரு டெஸ்டுக்கும் நடுவிலேயே போய்விடும். ஆண்ட்ராய்டுஎக்ஸ் தரும் டெஸ்ட் ஸ்டோரேஜ் சர்வீஸ் இந்தக் கோப்புகளை ஆப்புக்கு வெளியே வைக்கிறது.

•

பக் ரிப்போர்ட்டில் ‘கோப்பு இருக்கிறது, ஆப் திறக்கவில்லை’ என்று எழுதினால் போதாது. கோப்பை அங்கே வைத்தது யார், எந்த வழியில், ஆண்ட்ராய்டு எந்தப் பதிப்பு, ஆப் குறிவைக்கும் பதிப்பு எது என்ற நான்கையும் சேர்த்து எழுதுங்கள்.