கட்டிலுக்கு ஒரு குட்டி மேஜை

'காற்றில் சாய்ந்த பலாவை விறகுக்குக் கேட்கிறார்கள், கொடுத்துவிடலாமா?' மழைக்காலம் வந்தால் இந்தக் கேள்வியோடு யாராவது என்னிடம் வருவார்கள். எங்கள் வீட்டில் நடந்ததையே பதிலாகச் சொல்கிறேன்.

2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்பு தோப்பாகச் சாய்ந்தன. நான் ஊர் ஊராகச் சேதக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் கொல்லையில் தாத்தா வைத்த பலா விழுந்ததை நான்கு நாள் கழித்துத்தான் பார்த்தேன்.

விறகு வியாபாரி வந்து கேட்டும் அப்பா அடிமரத்தைக் கொடுக்கவில்லை. அறுவை மில்லுக்கு ஏற்றிப்போய், ஓர் அங்குலக் கனத்தில் பலகைகளாக அறுத்து வந்தார். வெடிக்காமல் இருக்க, வெட்டு முனைகளில் பெயின்ட் பூசினார். மாட்டுக்கொட்டகையில், தரையில் படாமல், பலகைக்குப் பலகை நடுவே குச்சி வைத்து அடுக்கினார்.

"எதுக்குப்பா இதெல்லாம்?" என்றேன்.

"மரம் இருந்தா வேலை தானா வரும்" என்றார்.

போன வருடம் வந்தது. அப்பா வரப்பில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்தது. தொடைவரை மாவுக்கட்டு. ஆயுசுக்கும் தரையில் சம்மணமிட்டே சாப்பிட்டவர். கட்டிலில் கால் நீட்டி, மடியில் தட்டை வைத்தால் ரசம் வேட்டியில் கொட்டியது. அம்மா ஊட்டப் போனார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். 'பசி இல்லை' என்று மூன்று நாள் கஞ்சியோடு நிறுத்திவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பலகையில் ஒன்றை இறக்கினேன். இழைப்புளி போட்டதும், சாம்பல் பூத்திருந்த மரத்துக்குள்ளிருந்து மஞ்சள் நிறம் வந்தது. கண்ணளவில் 12 அங்குல உயரம் வைத்துச் செய்து முடித்தேன்.

"தட்டு தாவாங்கட்டைக்கு வருதுடா. செய்யறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டியா?" என்றார் அப்பா.

மண்ணைப் பார்க்காமல் விதை சொல்லாதீர்கள் என்று பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் சொல்பவன் நான். எதுவும் பேசாமல் அளவு நாடாவை எடுத்தேன். மெத்தையிலிருந்து தொடையின் மேல்பக்கம்வரை ஓர் அளவு, மடக்கிய முழங்கைவரை ஓர் அளவு. மேஜை தொடையில் இடிக்கக் கூடாது. முழங்கைக்கு மேலேயும் போகக் கூடாது. அப்பாவுக்கு 9 அங்குலம் சரியாக இருந்தது. மூன்று அங்குலத்தை அறுத்தேன்.

செய்முறை எளிது. மேல்பலகை 24 அங்குல நீளம், 14 அங்குல அகலம். நான்கு கால் வைத்தால் மெத்தையில் அமுங்கி ஆடும். அதனால் இரு பக்கமும் முழுப் பலகையையே காலாக நிறுத்தினேன். உள்மூலைகளில் சட்டம் கொடுத்துத் திருகாணியால் முடுக்கினேன். காய்ந்த பலாவில் நேராக ஆணி அடித்தால் பிளக்கும். முதலில் சிறிய துளை போட வேண்டும். தட்டு வழுக்காமல் மூன்று பக்கம் அரை அங்குல விளிம்பு. சாப்பிடுபவர் பக்கம் மட்டும் திறப்பு. உப்புத்தாள் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் இரண்டு முறை பூசி, நன்றாகக் காயவிட்டேன். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும்; விரித்துக் காயவையுங்கள்.

அது காயும்வரை அப்பா பொறுக்கவில்லை. முதல் நாளே மேலே வாழை இலையை விரிக்கச் சொன்னார். தன் கையால் பிசைந்து சாப்பிட்டார். மறுசோறு கேட்டார். அம்மா அடுப்படிக்குப் போய் வெகுநேரம் வரவில்லை.

கட்டு பிரித்து இப்போது நடக்கிறார். மேஜை, இடுப்பு வலியில் படுத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் இருக்கிறது. அவருக்கு அளவெடுத்து, காலை இன்னும் அரை அங்குலம் குறைத்துக் கொடுத்தேன்.

ஆகவே கிளையை விறகுக்குக் கொடுங்கள். அடிமரத்தை அறுத்து, நிழலில், காற்றோட்டமாக அடுக்குங்கள். ஓர் அங்குலப் பலகைக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் போதும். வேலை தானாக வரும்.