வாப்பாவின் தொப்பியில் ஒரு முடிச்சு

வாப்பா மௌத்தாகி 40 நாள் கழிந்த பிறகுதான் தங்கச்சியும் நானும் அவருடைய அலுமாரியைத் திறந்தோம். சாரன்களுக்கு அடியில் நாங்கள் பின்னிக் கொடுத்த வெள்ளைத் தொப்பி.

நாங்கள் பின்னிய முதல் தொப்பி அது. கல்வியியற் கல்லூரி விடுதியில் குரோஷே பழகி, லீவுக்கு வந்த நேரம் தங்கச்சிக்கும் காட்டிக்கொடுத்து, மாறி மாறிப் பின்னினோம். பெருநாளைக்கு முன் முடிக்கிற அவசரம். உச்சியிலிருந்து சுற்றிச் சுற்றி இறங்கி, பக்கச் சுற்றுக்கு வந்ததும் நூல் பந்து தீர்ந்தது. பழைய நுனியையும் புது நுனியையும் முடிச்சுப் போட்டு, வாலை ஒட்ட வெட்டிவிட்டோம்.

இப்போது பார்த்தால் முடிச்சு அவிழ்ந்து, அந்த இடம் கறுப்பு நூலால் தைத்திருந்தது. வாப்பாவின் கைத்தையல். கண் மங்கிய மனுசன்!

உம்மாதான் சொன்னா: "சுஜூதுல நெத்தியில குத்துமெண்டு அந்த முடிச்சத் தேடிப் பின்னுக்குத் திருப்பித்தான் போடுவாரு. புள்ளையள்ட்ட சொல்லிப்போடாத எண்டாரு."

எங்களுக்குப் பேச்சு வரவில்லை.

பருத்தி நூல் வழுக்கும். ஒற்றை முடிச்சு கழுவக் கழுவ நழுவிவிடும். நூல் தீருமுன் ஆறு அங்குலம் மிச்சம் விட வேண்டும். கடைசிக் கண்ணியை முடிக்கும் இறுதி இழுப்பிலேயே புது நூலைக் கொக்கியில் மாட்டி இழுக்க வேண்டும். பிறகு இரண்டு வாலையும் மொட்டை ஊசியில் கோத்து, உட்பக்கக் கண்ணிகளுக்குள் ஒரு திசையில் ஓட்டி, திரும்ப எதிர்த் திசையிலும் ஓட்ட வேண்டும். ஒரே திசையில் ஓட்டினால் இழுபடும்போது வெளியே வந்துவிடும்.

நுனிகளை ஈரமாக்கி உள்ளங்கையில் தேய்த்து ஒட்டுகிற வித்தையும் உண்டு. அது ஆட்டுக் கம்பளிக்குத்தான். நாங்கள் அக்ரிலிக் நூலில் தேய்த்துப் பார்த்தோம், கை சூடானதுதான் மிச்சம்.

வாப்பாவின் தொப்பியைத் திருத்துவோமா என்று தங்கச்சி கேட்டாள். மொட்டை ஊசி கையில் இருந்தும் அந்தக் கறுப்பு நூலைத் தொட எங்களுக்கு மனம் வரவில்லை.

இப்போது அவள் மகனுக்கு ஒன்று பின்னுகிறோம். நேற்றுப் பந்து தீர்ந்தது. வால் இரண்டும் தொங்குகிறது, மஃரிப் தொழுதுவிட்டுக் கோக்க வேண்டும்.