கோத்தியர் விட்டுச் சென்ற பெயர்

எங்கள் குடும்பப் பெயர் பெர்னாண்டோ. "அப்பா, நாங்கள் தமிழர்தானே? இந்தப் பெயர் என்ன மொழி?" என்று என் மகள் ஒருநாள் வினவினாள். போர்த்துக்கேயம் என்று ஒரு சொல்லில் கூறிவிடலாம். ஆயின் அது பாதி விடையே.

போர்த்துக்கேயருக்கு இப்பெயரை அளித்தவர் கோத்தியர். ஜெர்மானிய இனத்தவரான இவர்களுள் மேற்குக் கோத்தியர், 5ஆம் நூற்றாண்டில் ஐபீரியத் தீபகற்பத்தினுள் புகுந்தனர். பின்னர் தொலேடோ நகரிலிருந்து அரசாண்டனர். 711இல் ரொட்ரிகோ மன்னன் முஸ்லிம் படையிடம் தோற்றதோடு அவ்வரசு சாய்ந்தது. அதற்கு முன்னரே அவர்கள் தம் மொழியைக் கைவிட்டு இலத்தீனைத் தழுவத் தொடங்கியிருந்தனர். 4ஆம் நூற்றாண்டில் உல்பிலா என்னும் ஆயர் விவிலியத்தைப் பெயர்த்து எழுதிய மொழி அது. அதன் ஒரு பிரதி, ஊதாத் தோலில் வெள்ளி எழுத்துக்களோடு, சுவீடனிலுள்ள உப்சாலாப் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றது. பேசுவோர் இல்லாதொழிந்த அம்மொழியின் சொற்கள், மக்கட் பெயர்களில் மறைந்து வாழ்கின்றன.

பெர்னாண்டோ என்பது இரு சொற்களின் கூட்டு. பிற்பகுதி துணிவைக் குறிப்பது. முற்பகுதி 'பயணம்' என்பர் சிலர். 'சமாதானம்' என்பர் வேறு சிலர். துணிந்து பயணஞ் செய்பவன் என்னும் பொருள், கடலோரக் குடும்பத்தவனாகிய எனக்கு உவப்பானது.

இப்பெயர் சென்ற இடமெல்லாம் உருமாறியது. ஸ்பானிய மொழியில் சொன்முதல் 'ப' ஒலி தேய்ந்து 'ஹ' ஆகிப் பின்னர் அதுவும் மறைந்தமையால் 'எர்னாண்டோ', 'எர்னான்' என்றாயிற்று. 1521இல் மெக்சிக்கோவை வென்ற கோர்த்தேசின் பெயர் இதுவே. கட்டலோனியர் 'பெரான்' என்றனர்; ஜெர்மானியரும் ஆங்கிலேயரும் 'பேர்டினண்ட்' என்றனர். பெர்னாண்டோவின் மகன் 'பெர்னாண்டஸ்' ஆனான்.

16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரின் ஞானஸ்நானத்தோடு இப்பெயர் முத்துக்குளித்துறைக்கும் இலங்கைக் கரைக்கும் வந்தது. தமிழர் நாவில் 'பர்னாந்து' ஆயிற்று. சிங்களவர் நாவில் 'பிரனாந்து' ஆயிற்று.

இவ்வேறுபாடு எங்களுக்கு ஒருமுறை பெருந்தொல்லையாயிற்று. பாட்டனாரின் ஞானஸ்நானப் பத்திரத்தில் 'பர்னாந்து'. காணி உறுதியில் 'பெர்னாண்டோ'. இருவரும் ஒருவரே என்று ஓர் அலுவலகத்தில் மெய்ப்பிப்பதற்குள் தந்தையார் ஓராண்டு அலைந்தார். எழுத்து வேறாயின் ஆளும் வேறு என்பது அங்குள்ளோர் கண்ட நியாயம். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாக ஒவ்வொரு நாவிலும் வேறு வேறாக ஒலித்துவரும் பெயருக்கு ஒரே எழுத்தைக் கேட்டால் அது எங்கே போகும்?

அல்போன்சு, ரொட்ரிகோ ஆகிய பெயர்களும் கோத்தியர் வழி வந்தனவே. மாணவர்களே, உங்கள் வீட்டுப் பழைய பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். முன்னோர் பெயர்கள் எழுதப்பட்டுள்ள வடிவங்களையெல்லாம் குறித்து வையுங்கள். வீட்டு முதியோரையும் கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.