டிரினிடாட் போகிறவர்களுக்கு

சென்ற கோடை விடுமுறையில் அம்மா, தம்பி, நான் மூவரும் அப்பா வேலை பார்க்கும் டிரினிடாட் தீவுக்குப் போய் வந்தோம். எங்களுக்கு அதுவே முதல் வெளிநாட்டுப் பயணம்.

கடலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் மஞ்சள் காய்ச்சல் ஊசி! அந்தச் சான்றிதழ் இல்லாமல் அங்கிருந்து இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள். பாட்டியை வீட்டில் தனியே விட்டுச் சென்ற எங்களுக்கு 6 நாள் என்பது சிறிய விஷயமா? ஊசி போட்ட 10 நாள் கழித்தே சான்றிதழ் செல்லுபடியாகும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். (தம்பி அழுத அழுகை தனிக்கதை.)

அங்கே மின்சாரம் 115 வோல்ட். ஆகவே அம்மாவின் மிக்ஸி அரைமனத்தோடு பெட்டியிலிருந்து இறங்கியது. இராணுவ உடை போன்ற புள்ளித்துணி அணிவது அங்கே குற்றம், சிறுவர்களுக்கும் வேண்டாம்.

கடைக்குள் நுழைந்ததும் “குட் மார்னிங்” சொல்லிவிட்டுத்தான் விலை கேட்க வேண்டும். வீட்டில் வாயே திறவாத அம்மா, மூன்றாம் நாள் கடைக்காரம்மாவுடன் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்!

1845-இல் ‘ஃபாட்டல் ரசாக்’ கப்பலில் தொடங்கி, ஒப்பந்தக் கூலிகளாய் வந்த இந்தியரின் வழித்தோன்றல்கள் அங்கே ஏராளம். இரண்டு மெல்லிய ‘பாரா’க்களில் கொண்டைக்கடலைக் கறி வைத்த ‘டபிள்ஸ்’ அவசியம் சாப்பிடுங்கள். மிளகாய்ச் சாறு எவ்வளவு என்று கேட்டால், “ஸ்லைட்” என்று சொல்லுங்கள். எங்கள் அப்பாவுக்கே இன்னும் கண்ணில் நீர் வருகிறது.